ஒரு வாய்க்கு ஒண்ணும் ஆகாது!

தமிழில் எனக்குப் பிடிக்காத வாக்கியங்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், முதல் இடம் இதற்குத்தான்: ‘ஒரு வாய்க்கு ஒண்ணும் ஆகாது.’

கேட்பதற்கு எவ்வளவு பாசமாக இருக்கிறது! சொல்கிறவர் முகத்தில் சிரிப்பு இருக்கும். கையில் ஒரு துண்டு போளியோ ஒரு விரல் கேசரியோ இருக்கும். எதிரே ஒரு குழந்தை நிற்கும். அதற்குப் பின்னால், ‘வேண்டாம், வேண்டாம்’ என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன ஒரு அம்மா நிற்பாள். அந்த இடத்தில் வில்லி யார் தெரியுமா? அந்த அம்மாதான்! குழந்தைக்கு ஆசையாக ஒரு வாய் கொடுக்க விடாத கல்நெஞ்சக்காரி.

என் தங்கை அந்த வில்லி வேஷத்தை நாலு வருஷமாகப் போட்டுக்கொண்டு இருக்கிறாள்.

அவள் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. சீலியாக் என்று ஒரு நோய். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் பாதுகாப்புப் படையே திரும்பி நின்று சொந்தக் குடலைத் தாக்கும். சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாகச் சின்னச் சின்ன நீட்சிகள் உண்டு. சாப்பாட்டில் இருக்கும் சத்தை உறிஞ்சுவது அவைதான். அவை மழுங்கிப் போகும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாது. அது ஒன்றுதான் வைத்தியம்.

இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. வயிறு உப்பிக் கிடக்கும். அடிக்கடி பேதி. வயசுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை. பூச்சி மருந்து கொடுத்தோம். இரும்புச்சத்து டானிக் கொடுத்தோம். கண்ணு பட்டிருக்கும் என்று கயிறு கட்டினோம். உடம்பு தேறட்டும் என்று கோதுமை கலந்த சத்துமாவுக் கஞ்சியை மூன்று வேளையும் ஊட்டினோம்! கடைசியில் ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வந்து, ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, குடலில் கிள்ளி எடுத்த துணுக்குப் பரிசோதனை என்று போய், பெயர் தெரிந்தது.

பெயர் தெரிந்ததோடு பாதிப் பிரச்னை முடிந்தது. மீதிப் பிரச்னைக்குப் பெயர், சொந்தக்காரர்கள்.

போன வருஷம் சித்தப்பா வீட்டு கிரகப்பிரவேசம். தங்கை நேராகச் சமையல் நடக்கிற கொல்லைப்புறத்துக்குப் போனாள்.

“அண்ணே, சாம்பார்ல என்ன பெருங்காயம் போட்டிருக்கீங்க?”

“கட்டிப் பெருங்காயம்தாம்மா. ஏன், வாசனை பத்தலையா?”

மாஸ்டர் மேல் தப்பில்லை. எத்தனை பேருக்குத் தெரியும், நாம் கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பகுதி பெருங்காயமே இல்லை என்று? அசல் பிசின் தாங்க முடியாத காட்டம். அதனால் மாவும் கோந்தும் கலந்துதான் கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். அந்த மாவு பல சமயம் கோதுமை அல்லது மைதா. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆக, சாம்பார், ரசம், வடை, முறுக்கு, ஊறுகாய், தயிர்சாதத்துத் தாளிப்பு என்று எல்லாவற்றிலும் கோதுமை நுழைந்துவிடுகிறது. அரிசிச் சாப்பாடுதானே, என்ன பயம் என்று நினைத்தால் ஏமாந்தோம்.

தங்கை இதைக் கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள், கூடத்தில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது.

“ஏண்டி, பெருங்காயத்துல கோதுமையா? எங்க காலத்துல இதெல்லாம் ஏது?” என்றார் பெரியம்மா.

“எல்லாம் இப்பத்திய டாக்டருங்க கிளப்பிவிடறது” என்றார் அத்தை.

“கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துப் பழக்கினா சரியாயிடும்” என்றார் சித்தப்பா. அவர் ரிட்டையர்டு தாசில்தார். பட்டா மாறுதல் மாதிரி இதுவும் ஆகிவிடும் என்று நினைக்கிறார்.

இவர்களை எல்லாம் திட்டுவதற்கு முன்னால் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் என் தங்கையே இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளி. வீட்டில் அத்தனை பிள்ளைகளும் பாதுஷாத் தட்டைச் சுற்றி நின்றார்கள். இவள் மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. தாய்மாமன் இல்லையா! யாருக்கும் தெரியாமல் கூப்பிட்டு, அரைப் பாதுஷாவைக் கையில் வைத்து, “ஒரு வாய்க்கு ஒண்ணும் ஆகாது. அம்மாகிட்ட சொல்லாதே” என்றேன். ஆமாம், அதே வாக்கியம்தான்.

அன்று ராத்திரி ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வெற்றிப் பெருமிதம். மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அதற்கடுத்த மூன்று நாள் வாந்தியும் வயிற்றுவலியுமாகக் குழந்தை சுருண்டு கிடந்தது எனக்குத் தெரியாது. எதில் வந்தது என்று புரியாமல் தங்கை உப்பு டப்பாவைக்கூட மாற்றியிருக்கிறாள். ஒரு மாசம் கழித்துத்தான் குழந்தை சொன்னது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “மாமா திட்டு வாங்குவாங்கள்ல?” என்றதாம்.

ஆறு வயசுக் குழந்தை, தன் வயிற்றுவலியை விழுங்கிக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. நான் பாசம் என்று நினைத்துச் செய்த காரியத்தின் லட்சணம் இது.

நான் பி.காம். படித்தவன். அதனால் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 2007-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், சீலியாக் உள்ள பெரியவர்களுக்குத் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அளவுக்கே குடல்சுவர் பழுதாவது தெரிந்தது. 50 மில்லிகிராம் குளூட்டன் என்பது ஏறக்குறைய அரை கிராம் மைதா. ஒரு சிட்டிகை! ஒரு பாதுஷாவில் மைதா மட்டும் 15 கிராமாவது இருக்கும். நான் கொடுத்த அரைப் பாதுஷா, அந்த ஒரு நாள் அளவைப் போல 15 மடங்கு. அதுவும் ஒரு குழந்தைக்கு.

‘ஒரே ஒரு நாள்தானே, குடல் ஆறிடாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விட்டுவிட்டால் மெல்ல ஆறும். ஆனால் நம் வீடுகளில் விசேஷம் வருஷத்துக்கு எத்தனை? காதுகுத்து, வளைகாப்பு, நிச்சயதார்த்தம், கல்யாணம், அறுபதாம் கல்யாணம், பொங்கல், தீபாவளி, கோயில் கொடை, பிறந்தநாள் கேக். ஒவ்வொன்றிலும் ‘ஒரு வாய்’. பெட்டி கேஷ் எழுதியவர்களுக்குத் தெரியும், கம்பெனியைக் கவிழ்ப்பது பெரிய செலவு இல்லை, கணக்கில் வராத சில்லறைச் செலவு.

இந்த நோயில் இன்னொரு விபரீதமும் உண்டு. சிலருக்கு வெளியே எதுவுமே தெரியாது. வாந்தி இருக்காது, பேதி இருக்காது. உள்ளே குடல் மட்டும் கெட்டுக்கொண்டு இருக்கும். ரத்தசோகை, பலமில்லாத எலும்பு, வளராத உயரம் என்று பில் பிற்பாடு வரும். ‘பாத்தியா, சாப்ட்டுச்சு, ஒண்ணும் ஆகலையே!’ என்று ஜெயித்த மாதிரிப் பேசுகிறவர்கள் அந்தப் பில் வரும்போது பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

சரி, பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். ‘எங்க காலத்துல இதெல்லாம் ஏது?’

நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். சில குழந்தைகளுக்குக் கோதுமைதான் ஆகவில்லையோ என்று அவருக்கு 1930-களிலேயே சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் ரொட்டிக்குக் கொடிய பஞ்சம் வந்தது. ஊரே பட்டினி கிடக்க, இந்தக் குழந்தைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தன. 1950-ல் அவர் தன் ஆய்வேட்டில் கோதுமையின் மேல் இருந்த குற்றத்தை எழுதிவைத்தார். அதாவது பெரியம்மா பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்தாகிவிட்டது. ‘இப்பத்திய டாக்டருங்க’ கிளப்பிவிட்டது இல்லை.

‘நம்ம ஊர்ல யாருக்கும் வந்து பாக்கலையே’ என்பது அடுத்த கேள்வி. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், நாட்டின் மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். வட இந்தியாவில் ஆயிரம் பேருக்கு எட்டு, ஒன்பது பேரிடம் இந்த நோய் இருந்தது. தெற்கே பத்தாயிரத்தில் சுமார் ஒருவர். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு மட்டும் வடக்கு, தெற்கு வித்தியாசம் இல்லாமல் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது! பெரிய வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராமுக்கு மேல் கோதுமை சாப்பிட்டார். தெற்கே அது 25 கிராம் அளவு.

நம் ஊரில் கோதுமை எப்போது சாதாரணச் சாப்பாடாக ஆனது? 1960-களின் அரிசித் தட்டுப்பாட்டில், அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதை வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இன்றைக்குக் காலையில் பிரெட், மாலையில் பிஸ்கெட், ராத்திரி சப்பாத்தி, வெளியில் போனால் பரோட்டா. நேற்று வந்த விருந்தாளிக்காக வீட்டுக் குழந்தையோடு சண்டை போடுகிறோம். அபூர்வம் என்பதால் டாக்டர்களுக்கே இங்கே சீக்கிரம் சந்தேகம் வருவதில்லை. அபூர்வம் என்பது அந்தப் பத்தாயிரத்தில் ஒருத்திக்கு ஆறுதலும் இல்லை.

இப்போது என் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நம் சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் புரியவில்லை என்று நான் நம்பவில்லை. சும்மா சொல்கிறார்கள்!

பெரியம்மா சுத்த சைவம். எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் மீன், கறி சாப்பிடுகிறவர்கள். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால், மீன் குழம்பு வைத்த சட்டி அடுப்பங்கரையிலேயே இருக்கக்கூடாது. அவருக்குத் தனிக் கரண்டி, தனி வாணலி, தனித் தோசைக்கல். ஹோட்டலுக்குப் போனால் சர்வரைக் கூப்பிட்டு, “சிக்கன் பொரிச்ச எண்ணெயிலயா இதையும் பொரிக்கிறீங்க?” என்று கேட்பார். கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். புரட்டாசி வந்தால் வீட்டுப் பாத்திரம் முழுக்கப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்ப்போம். சபரிமலைக்கு மாலை போட்டால் அடுப்பே தனி.

ஒரு கரண்டி இன்னொரு பாத்திரத்தைத் தொட்டால் என்ன ஆகும், ஒரே எண்ணெயில் இரண்டைப் பொரித்தால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்கே பாடம் எடுக்கக்கூடியவர்கள் நாம். அந்தப் பெரியம்மாவுக்கு, ரவா தோசை வார்த்த கல்லில் இவளுக்குத் தோசை வார்க்கக்கூடாது என்பது மட்டும் புரியாதா? அவர் இலையில் ஒரு சொட்டு மீன் குழம்பை விட்டு, “ஒரு சொட்டுக்கு ஒண்ணும் ஆகாது பெரியம்மா” என்று நான் சொன்னால் என்ன நடக்கும்?

பெரியப்பாவுக்குச் சர்க்கரை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவருக்கு ஷுகர் இல்லாத காபி தனியாக வருகிறது. யாரும் “ஒரு ஜாங்கிரிக்கு ஒண்ணும் ஆகாது” என்று வாயில் திணிப்பதில்லை. பெரியவர்களின் விரதம், பத்தியம் எல்லாம் மரியாதைக்கு உரியது. குழந்தையின் பத்தியம் மட்டும் அம்மாவின் அலட்டல். விஷயம் புரியாததல்ல. குழந்தைக்கும், அதைவிட அந்த வீட்டு மருமகளுக்கும், ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையை நாம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

மனிதரை ஒதுக்கித் தனி டம்ளர் வைத்த கொடுமையை இந்த மண் பார்த்திருக்கிறது. அதற்கெல்லாம் நமக்குச் சலிப்பே வரவில்லை. இன்றைக்கு ஒரு குழந்தையைக் காப்பாற்ற ஒரு தனிக் கரண்டி கேட்டால் சலித்துக்கொள்கிறோம்.

இதைவிட மோசமான ஒரு யோசனையும் வந்தது. கிரகப்பிரவேசத்தன்று அத்தை தங்கையைத் தனியே அழைத்துப் போய்க் காதில் சொன்னார்: “பொம்பளப் புள்ள. இதையெல்லாம் நாலு பேருக்கு முன்னாடி கேட்டுக்கிட்டு நிக்காதே. நாளைக்கு வரன் பாக்கறப்ப இதுவே பேச்சாயிடும்.”

ஒன்பது வயதுக் குழந்தை! பல்லே இன்னும் முழுசாக விழுந்து முளைக்கவில்லை. அதற்குள் கல்யாண மார்க்கெட்டில் விலை குறைந்துவிடுமாம். இந்த நோய் ஒட்டாது. சாப்பாட்டில் ஒழுங்காக இருந்தால் மற்றவர்களைப் போலப் படிக்கலாம், ஓடலாம், வேலைக்குப் போகலாம். மறைப்பதுதான் ஆபத்து. மறைத்தால் சமையல்காரருக்குத் தெரியாது, பரிமாறுகிறவருக்குத் தெரியாது. எதிர்காலத்தில் யாரோ ஒரு மாமியார் என்ன சொல்வாரோ என்று பயந்து, இன்றைக்கு இருக்கிற குடலைப் பலி கொடுப்பதா?

“சரிப்பா, அதுக்குத் தனியா டிபன் பாக்ஸ்ல கொண்டு வந்துடலாமே” என்பது சமாதானக் கட்சியின் தீர்வு. பல வருஷம் தங்கை அதைத்தான் செய்தாள். எல்லாரும் பந்தியில் உட்கார, இவள் ஜன்னல் ஓரமாக ஆறிப்போன தயிர்சாதத்தைக் கரண்டியால் குத்திக்கொண்டு இருப்பாள். வேறு வழியில்லாத இடத்தில் அதுதான் சரி, பசியோடு இருப்பதைவிட மேல். ஆனால் சொந்த வீட்டு விசேஷத்திலுமா?

சொல்லப்போனால், இந்தக் குழந்தைக்கு விருந்து வைக்க நம்மைவிட வசதியானவர்கள் உலகத்தில் குறைவு. ரொட்டி தின்கிற நாட்டில் பிறந்திருந்தால் திண்டாட்டம். நமக்கு இட்லி இருக்கிறது, இடியாப்பம் இருக்கிறது, ஆப்பம் இருக்கிறது, கம்பு, கேழ்வரகு, தினை, சாமை இருக்கின்றன. எதிலும் குளூட்டன் இல்லை. ஒரே ஒரு ஜாக்கிரதை, மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு அரிசியைப் போட்டால் அரிசிமாவும் கெட்டது.

இந்தத் தை மாதம் அப்பாவுக்கு எண்பது. திருக்கடையூரில் சதாபிஷேகம். மெனுவை நானும் தங்கையும் எழுதினோம். “ஒருத்திக்காக நூத்தம்பது பேர் சாப்பாட்டை மாத்தறதா?” என்று ஒரு குரல் எழும்பியது. அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: “விசேஷம் என்னுது.”

என்ன மாற்றினோம்? சேமியா பாயசம் போய் அரிசி போட்ட பால் பாயசம் வந்தது. போளி போய் அதிரசம் வந்தது. அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, அம்மா வீட்டு மிக்ஸியில் அரைத்தார். ரவா கேசரிக்குப் பதில் சர்க்கரைப் பொங்கல். ராத்திரிக்குச் சப்பாத்தி கிடையாது, இடியாப்பம். டப்பாவைப் படித்து, அரிசிமாவு சேர்த்த பெருங்காயம் வாங்கினோம். மாஸ்டரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து விளக்கினோம். அவர் கேட்டுக்கொண்டு, “எண்ணெயும் புதுசா ஊத்திடறேன் சார்” என்று அவராகவே சொன்னார். கூடுதல் செலவு என் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய்க்குள். மாலைக்கும் மேளத்துக்கும் ஆனதோடு பார்த்தால் தூசு. வந்த நூற்றைம்பது பேரில், மெனுவில் கோதுமை இல்லை என்று கண்டுபிடித்தவர் ஒரே ஒருத்தர், ராத்திரி சப்பாத்தியைத் தேடிய பெரியப்பா!

இதைப் படிக்கிற பெற்றோருக்கு இரண்டு விஷயம். குழந்தைக்குத் தீராத பேதி, வயிற்று உப்பல், தேறாத ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு என்று இருந்தால் டாக்டரிடம் சீலியாக் பற்றிக் கேளுங்கள். சந்தேகத்தில் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். நிறுத்திவிட்டால் சோதனையில் நோய் தெரியாமலே போகலாம். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால், பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்குவதில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட இந்தியாவில் சட்டப்படி அளவு உண்டு, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. லேபிளைப் படியுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒரே விஷயம்தான். அம்மாவைக் கேட்காமல் அந்தக் குழந்தையின் வாயில் எதையும் வைக்காதீர்கள். தாத்தாவானாலும் சரி, தாய்மாமனானாலும் சரி. ஊட்டித்தான் பாசத்தைக் காட்ட வேண்டும் என்றால் முதல்நாளே போன் போட்டு, “குட்டிக்கு என்ன ஆகும்?” என்று கேளுங்கள். பந்தியில் முதலில் அவளுக்குப் பரிமாறுங்கள். அவள் கரண்டியை வேறு எதிலும் போடாதீர்கள்.

திருக்கடையூரில் முதல் பந்தியில் தாத்தா பக்கத்தில் அவளுக்கு இலை போட்டோம். கூட்டு வந்தது. இலையில் கை வைக்காமல், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். தங்கை தலையாட்டினாள். பொரியல் வந்தது. மறுபடி பார்த்தாள், இவள் தலையாட்டினாள். சாம்பார் வந்தது, பார்த்தாள்.

ரசம் வந்தபோது அவள் நிமிரவே இல்லை. சாப்பிட்டுக்கொண்டு இருந்தாள்.